சுண்ணாம்புச் சத்து இறங்கியது

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. எட்டாவதோடு நின்றவள், ஏதோ எனக்குத் தெரிந்த மட்டும் எழுதித் தருகிறேன்.

போன ஐப்பசியில் கள்ளக்குறிச்சியில் என் மகன் சாமுவேல் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. மூச்சுத் திணறலால் சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வெள்ளிமலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, முதுகிலும் தோளிலும் தோலுக்கடியில் சிவந்த கட்டிகள் தெரிந்தன. தொட்டால் கல் போல இருந்தன.

மழைக்காலத்தில் எங்கள் மலையில் வெயிலே அபூர்வம். மூடுபனி விலகினால் போதும், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். என் நாத்தனாரும் பிள்ளைக்கு எண்ணெய் தடவி வெயில் காட்டுவாள்.

"வெயில் பட்டா கரைஞ்சிடும் அண்ணி. நீங்க கவலப்படாம இருந்தாதான் எனக்கு பயமா இருக்கும்" என்று கிண்டல் செய்வாள். பிறந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த எலும்புக்கான சொட்டு மருந்தும் தவறாமல் கொடுத்தேன்.

கார்த்திகையில் பால் குடிப்பதை விட்டான். வாந்தி எடுத்துத் துவண்டுபோனான். மலை இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கட்டியாலதான் ரத்தத்துல கால்சியம், சுண்ணாம்புச் சத்து, ஆபத்தா ஏறியிருக்கு. வெயில்ல காட்டுனீங்களா?"

"வெயில் வந்தா வுடமாட்டோங்க."

"இனிமே வேணாம். அந்தச் சொட்டும் வேணாம். ரெண்டுமே சுண்ணாம்புச் சத்த இன்னும் ஏத்தும். மத்த கொழந்தைக்கு நல்லது, இவனுக்கு ஆகாது."

குளுக்கோஸ் ஏற்றினார்கள், மூத்திரம் போக மருந்து கொடுத்தார்கள். அந்தச் சத்து இறங்கவில்லை. என் பாலையும் நிறுத்தி, சுண்ணாம்புச் சத்து கம்மியான மாவுப்பால் கொடுத்தார்கள். அவன் அழுவான், என் ரவிக்கை நனையும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த வேதனையில் ஜெபமும் வரவில்லை.

"இயேசப்பா, நல்லதுன்னு செஞ்சதெல்லாம் தப்பா போவுது. எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே பாத்துக்குங்க." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மறுநாள் எலும்பிலிருந்து அந்தச் சத்து ரத்தத்துக்கு வராமல் தடுக்க ஒரு மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். அதற்கடுத்த பரிசோதனை முடிந்து நர்ஸம்மா வந்தார்.

"எறங்குதும்மா."

"நெஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு இன்னா கெடைக்கப் போவுது? மொதல்ல மொகத்த கழுவு, புள்ள பயந்துடப் போறான்."

இப்போது தவழ்கிறான். கட்டிகள் கரைந்துவிட்டன. சிறுநீரகத்தில் அந்தச் சத்து படிகிறதா என்று பார்க்க மட்டும் அவ்வப்போது ஸ்கேன். ஒவ்வொரு முறையும் பயந்தபடியே முழங்கால் போடுவேன். கவலை விட்டபாடில்லை, ஆனால் தனியாகக் கவலைப்படுவது நின்றுவிட்டது. செய்ய ஒன்றுமில்லாமல் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், அந்த வெறுங்கையையே அவரிடம் நீட்டுங்கள். என் கையைப் பிடித்தவர் உங்கள் கையையும் பிடிப்பார்.