டிராம் டிரைவர் ஏகாம்பரத்தின் கைப்பிடி

திங்கட்கிழமை காலை, டிராம் ஷெட்டில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமா வாசலிலேயே நின்று, "நைனா போயிட்டாருடா" என்றார். கையில் கிரீசோடு மயிலாப்பூருக்கு ஓடினேன். என் தகப்பனார் டிராம் டிரைவர் ஏகாம்பரம். அவர் வண்டியில் ஏறியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடைசி மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டே இருந்தது. விடிந்ததும் வீட்டைக் கலைப்பார். "கைப்பிடி எங்கடா? வண்டி நிக்குது, ஜனங்க ஏறிக்கினு கீறாங்கோ!" கடைசி நிறுத்தத்தில் டிராமின் மறுமுனைக்கு மாறும்போது டிரைவர் கழற்றிக் கையோடு எடுத்துப்போவாரே, அந்தப் பித்தளைக் கைப்பிடி. "ரிடையர் ஆன அன்னிக்கே ஷெட்ல குடுத்துட்டியே நைனா" என்று நாளுக்கு இருபது தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் வேலை போனதுபோல அவர் முகம் வாடும்.

நான் மோட்டார் பார்க்கிறவன். பழுதைப் பாகம் பாகமாகத் தேடினேன். கண் டாக்டர், காது டாக்டர். இரண்டும் சரி என்றார்கள். தியாகராய நகரில் மூளை வியாதிக்குப் பேர்போன ஒரு டாக்டர் நைனாவை நிமிர்ந்தும் பாராமல், என்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அம்மா விடவில்லை. "அவரு மூஞ்சியப் பாத்துப் பேசற டாக்டரா தேடுடா. இவன் இன்னா டாக்டரு!"

அப்படித்தான் அடையாற்றில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நைனாவிடம் கேட்டார்: "மயிலாப்பூர்லேருந்து பாரிமுனை வரைக்கும் எங்கெங்க நிறுத்துவீங்க?"

நைனா சொல்லிக்கொண்டே வந்தார். ராயப்பேட்டை தாண்டி நின்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "மவுண்ட் ரோடு" என்றேன்.

"தம்பி, வண்டிய ஓட்டறது அவரு" என்றார் டாக்டர்.

காத்திருந்தோம். நைனா சிரித்தார். "ஆளுங்க ஏறிக்கினு கீறாங்கோ டாக்டர். இவன் எப்பவும் இப்படித்தான், அவசரக்காரன்."

"இதுக்கு மருந்து கிடையாது. வீட்டிலேயே வெச்சுக்குங்க. திருத்தாதீங்க" என்றார் டாக்டர்.

கடிதத்தை அன்றே கிழித்தேன். மறுநாள் ஷெட்டில் கடைசல் மெஷினில் ஒரு பித்தளைக் கைப்பிடி செய்தேன். அதன் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எடுத்துக் கையில் கொடுத்தால் போதும், முகம் தெளியும்.

சுடுகாட்டுக்குப் புறப்படும்போது அதையும் கூடவே வைக்கச் சொன்னார்கள். நான் தரவில்லை. இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இருபது தடவை கேட்டாலும் இருபது தடவையும் சொல்வேன்: "இதோ கீது நைனா." விடிந்தால் கேட்க ஆள் இல்லை.