மேனேஜரின் இங்கிலீஷும் என் டெம்பரரி வேலையும்

இன்னொருவர் பேசும் இங்கிலீஷைத் தமிழாக்கிப் பிழைப்பது என்ன பாடு என்பது, என்னைப்போல் ஆபீஸில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மேனேஜர் பம்பாய்க்காரர். தமிழில் ‘வணக்கம்’ தாண்டமாட்டார். அவர் சொல்வதை மில் ஆட்களுக்குத் தமிழில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. வேலையோ டெம்பரரி. அப்பா இல்லை, தம்பி அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். என் வேலை போனால் அவன் படிப்பும் அதோடு சரி.

திறந்த கதவு

வந்த அன்றே மேனேஜர் எல்லோரையும் கூட்டி, ‘மை டோர் இஸ் ஆல்வேஸ் ஓபன்’ என்றார். என் கதவு எப்போதும் திறந்திருக்கும், குறை இருந்தால் தயங்காமல் வரலாம் என்று தமிழில் சொன்னேன். பெரிய மனிதர்கள் இதைப் பேச்சுக்குச் சொல்வார்கள் என்பது அந்த ஆட்களுக்குத் தெரியவில்லை. நம் பக்கத்தில், ‘வாங்க’ என்று ஒருவர் கூப்பிட்ட பிறகு போகாமலிருப்பதுதான் மரியாதைக் குறைவு.

மறுநாள் ஷிப்ட் விட்டதும் ஆளாளுக்கு உள்ளே போனார்கள். ஒருவருக்கும் குறை இல்லை. காதுகுத்துக்கு அழைக்க ஒருவர், பலகாரம் கொடுக்க ஒருவர், சும்மா பார்த்துவிட்டு வர நாலைந்து பேர். ரீலிங்கில் நூல் சுற்றும் ராக்கம்மா அக்காவை வாசலில் மடக்கி, வேலை இல்லாமல் போகக்கூடாது என்றேன்.

“அவுக கூப்பிட்டுருக்காக. போகாட்டி என்ன நெனப்பாக?”

சௌகரியம்

ஸ்டோர் கீப்பர் அம்பலம் அரியக்குடிக்காரர். ஸ்டோர் ரூமை ஒழுங்குபண்ணச் சொன்ன மேனேஜர், மரியாதைக்கு ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’ என்று சேர்த்துக்கொண்டார். உங்கள் சௌகரியம்போல என்று நானும் சொல்லிவைத்தேன். பெருமாள் கோயில் தேர் முடியும்வரை ஸ்டோரில் ஒரு பெட்டிகூட நகரவில்லை. மேனேஜர் முகம் சிவந்துபோனது. அவர் அன்றைக்கே முடிக்கச் சொன்னாராம். அம்பலத்திடம் போய் விளக்கினேன்.

“எஞ்சௌகரியம்னு நீங்கதானே தாயி சொன்னீக? தேர் முடியாம அது எங்குட்டு வரும்?”

மனதில் வைத்திருப்பது

மெக்கானிக் காதர் பாய், மில்லுக்கு வந்த மெட்ராஸ் கம்பெனிக்காரரிடம் தன் மகனுக்கு வேலை கேட்டார். அவனை மனதில் வைத்திருக்கிறோம் என்று அவர் இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னதும் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முழுக்க வடை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் இந்த மரியாதைப் பேச்சின் விவரம் எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. வடையைக் கையில் வைத்துக்கொண்டே, அது இல்லை என்று சொல்லும் முறை என்றேன்.

“இல்லைங்கிறதை இம்புட்டுப் பதமாச் சொல்றாகளே. சரிம்மா, வேற எடத்துல கேப்போம்.”

ஒரு வார்த்தை

டெம்பரரி ஆட்களைக் குறைக்கச் சொல்லி மெட்ராஸ் தலைமை ஆபீஸிலிருந்து போன் வந்தது. ‘ஐ வில் புட் இன் எ வேர்ட் ஃபார் யூ’ என்றார் மேனேஜர். உனக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்று அர்த்தம். பாய் மகனுக்குக் கிடைத்த பதில்தான் எனக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்லாமல் போவது நம் வழக்கமில்லை என்பதால், மறுநாள் ரீலிங்குக்குப் போய் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் மேனேஜர் அறையில் நிற்க இடமில்லை. ராக்கம்மா அக்கா, அம்பலம், காதர் பாய், பின்னால் ரீலிங் பெண்கள். எனக்காக அவர்கள் பேசியதை நானே இங்கிலீஷில் சொல்லவேண்டிய கூத்து. ‘இந்தப் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்’ என்பதை மட்டும் எப்படியோ சொல்லிமுடித்தேன்.

மேனேஜர் விழித்தார். தலைமை ஆபீஸில் காலையிலேயே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாராம். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவை டைப் அடிக்க ஆள் தேடினால், டைப்பிஸ்ட் ரீலிங்கில் விடைபெற்றுக்கொண்டிருக்கிறாள். அழுகையும் சிரிப்புமாக இதைத் தமிழில் சொன்னேன். காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கதவு தொறந்துதானேம்மா கெடந்துச்சு. நீ மட்டும் ஏன் உள்ள போய்க் கேக்கல?”

தம்பி படிப்பை முடித்தான். அதற்குப் பிறகு வந்த மேனேஜர்கள் சொன்னதில் எது மரியாதைக்கு, எது மெய் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடாததால், உள்ளே போய்க் கேட்டுவிடப் பழகிக்கொண்டேன்.