பெட்டியின் காந்தாரம்

நேற்று என் பெறாமகள், தங்கச்சியின் மகள், கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைத் திறந்துவைத்து வயலின் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுரமான காந்தாரம் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. செயலியின் முள் மட்டும் குறைவு என்று காட்டியது. பிள்ளை உடனே விரலை ஏற்றிக்கொண்டாள். எனக்கு லிங்கநகர் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மை காயாத சான்றிதழ், அதைவிடப் பெரிய தலைக்கனம். லிங்கநகரில் ரதி அக்காவுக்கு வீட்டுக்குப் போய்ச் சங்கீதம் படிப்பித்தேன். அக்காவின் கணவருக்குச் சீனன்குடாவில் வேலை. மதியம் சாப்பிட வருபவர் என்னை உள்ளே விட்டு, கேற்றை வெளியால் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விடுவார். “உங்கட பாதுகாப்புக்குத்தான்” என்பார். ஐந்து மணிக்கு அவர் வரும்வரை நானும் உள்ளேதான். முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் வாரம் பூட்டுச் சத்தம் கேட்டதுமே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினேன். அக்காவுக்கோ அது பன்னிரண்டு வருடப் பழக்கம்.

“சங்கீதச் சோதினை பாஸ் பண்ணினால் நேர்சரியில பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க விடுறன் எண்டவர் இவர், டீச்சர்” என்றார் அக்கா.

பூச்சி உருண்டை மணக்கும் ஆர்மோனியப் பெட்டியில் ஒவ்வொரு கட்டையாக அமத்திச் சுரங்களைக் காட்டுவேன். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் அக்கா பாடத்தை நிறுத்தி, அது எந்தச் சுரம் என்று முணுமுணுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் குரல் காந்தாரத்தில் மட்டும் பெட்டியைவிட மயிரிழை கீழே நின்றது.

“சேரேல்லை அக்கா.”

“பெட்டிதான் பிழைபோலக் கிடக்கு.”

நான் சிரித்தேன். ஒருநாள் அக்கா, “முதல் சுரம் ஸவை மட்டும் அமத்திப் பிடியுங்கோ” என்றார். பிடித்தேன். காந்தாரத்தை நீட்டிப் பாடினார். அது ஸவுக்குள் போய் அசையாமல் இருந்துகொண்டது. எனக்கு மயிர் சிலிர்த்தது. ஆனாலும் வாய், “சோதினையில பெட்டியோடதான் பாடவேணும். இல்லாட்டிப் புள்ளி குறைப்பினம்” என்றது.

“அப்ப என்ர காதை நம்ப ஏலாது, என்ன?”

அதன்பிறகு அந்த இடம் வந்தால் அக்கா என் விரலைப் பார்த்துத்தான் பாடினார்.

கணவரே கூட்டிப்போன சோதினையில் அக்கா பாஸ் பண்ணினார். அடுத்த கிழமை கணவர் கேற்றடியில் நின்று, “பாஸ் பண்ணியாச்சுத்தானே, டீச்சர். இனிக் காணும், வரத் தேவையில்லை” என்றார். நேர்சரி என்னவாயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். “ஓம்” என்றுவிட்டுத் திரும்பினேன். இனி உள்ளே அடைபட வேண்டாம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது; உங்களிடம் மறைப்பானேன்.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் படித்தேன். எந்தக் கட்டையை ஸவாக வைத்தாலும் வாசிக்க வசதியாக, பெட்டியில் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைத்துவிடுகிறார்கள். அதில் காந்தாரம் கொஞ்சம் கூடிப்போகும். தம்புராத் தந்தியை மீட்டினால் தானாக எழும் காந்தாரம், அக்கா பாடியதுதான்.

அதைச் சொல்லவென்றே லிங்கநகருக்குப் போனேன். வீட்டை இடித்து மூன்று மாடி விடுதி கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“அந்த வீட்டு ஐயாவை நல்லாத் தெரியும்” என்றார். “அவருக்கு மனுசியும் இருந்தவவோ?”