அப்பாவின் கண்ணுக்குள் எடுத்த போட்டோ

இன்று போத்தனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண் முகாமுக்கு அப்பாவோடு போனேன். நம் பள்ளி வேனை ஓட்டுவது அப்பாதான்.

போகும்போதே சொன்னார்: "சக்கரை இருக்குதுன்னு சொல்லிப்போடாத கண்ணு. ஓனர் வண்டிச் சாவிய வாங்கிக்குவாரு."

அங்கே கண் பரிசோதித்த அக்கா, செல்போன் அளவே இருந்த ஒரு கேமராவை அப்பாவின் கண்ணருகே பிடித்தார். சொட்டு மருந்துகூட விடவில்லை.

"ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் "இல்லீங்க" என்றேன்.

ஒரு நிமிடத்தில் விழித்திரை ஆரஞ்சு நிறத்தில் திரையில் வந்தது. சந்தேகமான இடங்களைக் கம்ப்யூட்டரே வட்டமிட்டுக் காட்டியது.

"இந்தச் செவப்புப் புள்ளியெல்லாம் ரத்தக் கசிவு அம்மணி. சக்கரை இல்லாம இப்படி வராதே?"

"கேமராவுல தூசி உழுந்திருக்குமுங்க" என்று அப்பா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "பெரியாஸ்பத்திரில காட்டற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா அதைக் கிழித்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலையும் வேன் வரும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதில்தான் வருகிறீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

யாரும் ஏறாதீர்கள். அப்பாவை ஒன்றும் சொல்லாதீர்கள், பொய் சொன்னது நான். என்னைத் திட்டக் கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. திட்டி முடித்தவர்கள், அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்றும் எழுதிவிட்டுப் போங்கள்.