நகராத தோடம்பழம்

அலுவலகத்தில் யசோதினியோடு நெருங்கிப் பழகியது ஒரு கணினி மட்டுமே. அதுவும் அடிக்கடி உறைந்துபோகும். பதுளையில் நீரின் தரம் பார்க்கும் திட்டமொன்றில் அவர் வரைபட அலுவலர். வாடகை அறையில் ஒரே தட்டு, ஒரே கோப்பை. இத்தகைய சிக்கனத்தைத் திட்டத்தின் வேறெந்தப் பகுதியிலும் காண முடியாது.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், ஏழாம் லயத்து வரிசை வீடுகளில் இருப்போர் குடிப்பது பழைய அணையில் தேங்கிய ஓடை நீரை. மேல் லயத்துக் கழிவும் தேயிலைக்குப் போட்ட உரமும் அதில்தான் வந்து சேரும். அந்த நீரின் தரத்தைக் கணித்துச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். கெட்டது என்றால் குழாய் வரும். நல்லது என்றால் தொடர்ந்து குடிக்கலாம்.

மேலதிகாரி பிரதீஷுக்குப் பிடித்தது பெரிய ஆறுகளுக்கான மென்பொருள். திரையில் நீல அம்புகள் பாயும். அதன் கணக்கில் அழுக்கெல்லாம் மதியத்துக்குள் கீழேயுள்ள மொனராகலைக்குப் போய்விடும். மொனராகலைக்காரரை யாரும் கேட்கவில்லை.

யசோதினி ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தோடம்பழங்களோடு தோட்டத்துக்கு பஸ் ஏறினார். ஒன்றை மிதக்கவிட்டு நீரின் வேகம் பார்ப்பது அவர் வழக்கம். ஓடையில் விழுந்த பழம் ஒருமுறை குலுங்கியது, நின்றது.

கொழுந்துக்கூடையோடு வந்த ஏழாம் லயத்துப் பூவம்மாவும் நின்றாள்.

“என்னங்க மிஸ், பழத்துக்கு நீச்சல் பழக்குறீங்களா?”

“தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்குறேன்.”

“அது எங்கங்க ஓடப்போவுது? எங்க கூடவே லயத்துல குடியிருக்கு!”

மற்றப் பழத்தை இருவரும் பகிர்ந்து தின்றார்கள். யசோதினி யாருடனாவது சேர்ந்து தின்று வெகுநாளாகியிருந்தது.

திரும்பி வந்து, தேங்கிய நீருக்கான மென்பொருளைத் தேர்ந்தார். அம்புகளே இல்லாத அசிங்கமான திரை. நீர் கெட்டது என்று வரைபடம் செக்கச்செவேலென வந்தது.

“என்ன யசோதினி இது? நீலம் போட ஏலாதா?” என்றார் பிரதீஷ்.

யசோதினி ஓடைநீர்ப் போத்தலை மேசைமேல் வைத்தார். “ஒரு கிளாஸ் குடிச்சிட்டுச் சொல்லுங்க சேர், ஒடனே போட்டுர்றேன்.”

பிரதீஷ் போத்தலை ஆழ்ந்து ஆராய்ந்தார். குழாயை முடிவுசெய்யும் கூட்டத்துக்குச் சிவப்பு வரைபடமே போனது. அதன்பின் யசோதினியை யாரும் தேநீருக்கு அழைக்கவில்லை. முன்பும் அழைத்ததில்லை என்பதால் தண்டனை அவ்வளவாக உறைக்கவில்லை.

ஏழாம் லயத்துக்குக் குழாய் வந்தது. ஓடையை இனி அளக்க வேண்டியதில்லை. ஆகவே யசோதினி அங்கே போக அலுவல் காரணம் எதுவுமில்லை. சனிக்கிழமை சந்தையில், பழக்க தோஷத்தில், இரண்டு தோடம்பழங்கள் வாங்கிவிட்டார்.

அறையில் ஒன்றை உரித்துத் தின்றார். மற்றது மேசையில் கிடந்தது, துளியும் நகராமல்.