மாமாவுக்குக் காற்றடித்த கதை

கொழும்பு ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்மாருக்கு வாய் கிடையாது, ஊசி மட்டும்தான்.

இன்று மாமாவை வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரலில் கட்டி. புற்றுநோயா இல்லையா என்று பார்க்க வேண்டும். டொக்டர் ஊசியைத் தூக்கிக்கொண்டு, "நரம்பில குமிழி ஏத்திப்போட்டு ஸ்கான் பண்ணுவம்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

மாமா கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

"ஊசியில காத்து ஏறினா ஆள் முடிஞ்சுதெல்லோ! இத்தனை செக்பொயின்ற் தாண்டி யாழ்ப்பாணத்தில இருந்து வந்தது, இஞ்ச காத்தடிச்சுச் சாகவோ?"

"மாமா, நீங்கள் என்ன சைக்கிள் ரியூப்பே?" என்றேன். அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

பிறகுதான் டொக்டர் வாய் திறந்தார். இரத்த அணுவை விடச் சின்னக் குமிழியாம். கட்டிக்குள் இரத்தம் ஓடுகிற விதத்தைக் காட்டிவிட்டு, மூச்சோடு வெளியே போய்விடுமாம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

ஸ்கானில் பார்த்தால், கட்டி வெறும் இரத்தக்குழாய் முடிச்சு. புற்றுநோய் இல்லை. ஆனாலும் மாமா கன்னத்தை உப்ப வைத்து, குமிழி வெளியே போகட்டும் என்று அங்கேயே ஊதத் தொடங்கிவிட்டார்.

நான் டொக்டரிடம் சொன்னேன்: "குமிழி சின்னது, மூச்சோட போயிடும் எண்ட இந்த ரெண்டு வசனத்தையும் இனி ஊசியை எடுக்க முதல் சொல்லுங்கோ. சொல்லுவீங்களோ?"

அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.