அவளுடைய ஃபோல்டர்கள் மட்டும்

எங்கள் ஆபீசில் அதற்கு சர்வர் என்று பெயர். உண்மையில் அது இரண்டு ஹார்டு டிஸ்க் செருகிய ஒரு கறுப்புப் பெட்டி. மூன்று டிசைனர்களும் புடவைக்கு உடல், கரை, முந்தி என்று வரைவதெல்லாம் ஒயர் வழியாக அந்தப் பெட்டிக்குள் போய்விடும். உள்ளே எழுதிவைத்திருக்கும் ரூல்கள் அவற்றைப் பிரித்து அந்தந்த இடத்தில் அடுக்கிவைக்கும். நெசவாளர் வந்து கேட்டால் நான் எடுத்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். டிசைனர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. டிசைன் வெளியே போய்விடும் என்ற பயம் காஞ்சிபுரத்தில் எல்லா முதலாளிகளுக்கும் உண்டு. எங்களவருக்கு அது வியாதி.

அன்று காலை ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வந்து யாளிக்கரை டிசைனைக் கேட்டார். தேடினேன், இல்லை. அதை வரைந்தவள் மாகறலிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். மூவரில் கை சுத்தமானவள் அவள்தான், வாய் குறைவானவளும் அவள்தான். அவளுடைய மற்ற டிசைன்களைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் வரைந்ததில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மற்றதெல்லாம் காணோம். மற்ற இருவருடையதும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. போன வாரம்தான் பெரிய தெருவில் வேறொரு கடையின் கண்ணாடிக்குள் யாளிக்கரைப் புடவை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோயில் தூணுக்குத் தூண் யாளி நிற்கிற ஊர் இது, யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

"இவ ஒருத்தியோடது மட்டும் எப்பிடிமா காணாம பூடும்? வித்துட்டு அழிச்சிட்டா. வேற இன்னா?"

"சத்தியமா நான் எடுக்கல சார்" என்றாள் அவள்.

"மத்தியானம் நான் சாப்ட்டு வரதுக்குள்ள ஃபைலு வரணும். இல்லன்னா எல்லாக் கடைக்கும் போன் போட்டு உன் யோக்கியதைய சொல்லிடுவேன்."

இந்த ஊரில் பட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் போலத்தான். டிசைன் திருடி என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அந்தப் பெண்ணை எந்த ஆபீசிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவிட மாட்டார்கள். அவளுக்கு வேறு தொழில் தெரியாது, அவள் சம்பளத்தில்தான் வீடும் ஓடியது.

ரூல்களை எழுதியவன் சென்னையிலிருந்து ஒரு நாள் வந்து, டீ குடித்து, பெட்டியை மாட்டிவிட்டுப் போனவன். அவன் போன் சுவிட்ச் ஆஃப். விட்டுவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் சுவிட்ச் ஆஃப். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நானே ரூல்களைத் திறந்தேன். கரை என்று பெயரில் இருந்தால் இங்கே, முந்தி என்று இருந்தால் அங்கே, பழசானால் வேறிடம் என்று ஏகப்பட்டது எழுதியிருந்தான். பாதி புரிந்தது.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். யாளிக்கரை என்றே பெயர் வைத்துப் பொய் ஃபோல்டர் ஒன்றைச் செய்து உள்ளே அனுப்பினேன். சமர்த்தாகப் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அவள் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பினேன், அதுவும் சரியாகப் போனது. பெயரை மாற்றி, அளவை மாற்றி, தேதியை மாற்றி எப்படி அனுப்பினாலும் அந்தப் பெட்டி தப்பே செய்யவில்லை. பெட்டி தப்பு செய்யவில்லை என்றால் தப்பு செய்தது யார்? ஒரு கணம் நானே திரும்பி அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டேன். அவள் அதைக் கவனித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. சாப்பாட்டுக்குள் என்று கெடு வைத்த மனுஷன் அதுவரைகூடப் பொறுக்கவில்லை. "மாகறல் பொண்ணுப்பா, ஆமா, சேத்துக்காதீங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் கேட்டது. இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "நீ தினமும் எப்பிடி செய்வியோ அப்பிடியே ஒண்ணு செய்மா, நான் பாக்கறேன்" என்று அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்தாள். வரைவதற்கு முன்னால், முதல் வேலையாக, அதற்குள் ஒரு படத்தைப் போட்டாள். பிள்ளையார் படம்.

"இன்னாது இது?"

"ஆயுத பூஜை அன்னிக்கு மொதலாளி குடுத்தாருல்லக்கா? எந்த ஃபோல்டர் தொறந்தாலும் மொதல்ல பிள்ளையார போடுங்கன்னு சொன்னாரே."

சொன்னார்தான். மற்ற இருவரும் அன்றே சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். நானும் மறந்துபோனேன். இவள் ஒருத்திதான் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தாள்.

ஃபோல்டரைப் பெட்டிக்கு அனுப்பினாள். இருவரும் திரையையே பார்த்தோம். கரைகள் இருக்கும் இடத்தில் அது வந்து சேரவே இல்லை. பெட்டியின் நடவடிக்கைப் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தேன். டூப்ளிகேட், குப்பைக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தது.

பிறகு அந்த ரூலைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஒரே டிசைனை இரண்டு தரம் அனுப்பி இடத்தை அடைக்கக் கூடாது என்று அந்தச் சென்னைக்காரன் ஒன்று எழுதியிருந்தான். ஃபோல்டரில் முதலாவதாக இருக்கும் ஃபைலை மட்டும் பார், அது ஏற்கெனவே பெட்டியில் இருந்தால் மொத்த ஃபோல்டரும் நகல், குப்பையில் போடு. அவள் முதல் தடவை போட்ட பிள்ளையார் பத்திரமாக உள்ளே போய்விட்டார். அடுத்த தடவையிலிருந்து அவர் பழைய ஆள், அவர் பின்னால் வந்த டிசைன் எல்லாம் குப்பை. குப்பை மாதாமாதம் தானாகவே காலியாகும் என்றும் அந்தப் புண்ணியவான் எழுதிவைத்திருந்தான். இந்த மாதத் தொடக்கத்தில் வரைந்த யாளிக்கரை மட்டும் அதில் கிடந்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

முதலாளி முதலில் நம்பவில்லை. "பிள்ளையார் மேலயே பழி போடறியாமா நீ?" என்று எகிறினார். அவர் கண் முன்னாலேயே இரண்டு ஃபோல்டர் செய்தேன், ஒன்றில் படம் போட்டேன், ஒன்றில் போடவில்லை. படம் போடாதது இடத்தில் போய் உட்கார்ந்தது. படம் போட்டது குப்பைக்குப் போனது. இன்னொரு தரம் செய்யச் சொன்னார், செய்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான், பிடித்தவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஐயோ, சாமி குப்பையில பூட்டாரா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டார். அவளிடம் கேட்கவில்லை.

"சரி சரி, தெரியாம நடந்துபோச்சி. போயி வேலைய பாருமா" என்றார் அவளிடம்.

அவள் நகரவில்லை. ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கடைங்களுக்கு போன் போட்டு சொன்னீங்கல்ல சார். அதே மாதிரி இதயும் சொல்லிடுங்க. நான் இங்கயே இருக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கேயும் பார்க்காமல் நின்றேன். வேறு வழியில்லாமல் எண்ணைத் தட்டி, அவளுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"காலைல சொன்னேனே அந்தப் பொண்ணு, அது எடுக்கலப்பா. கம்ப்யூட்டர்தான் கோளாறு பண்ணிடுச்சி. ஃபைலு கெடச்சிடுச்சி."

"அப்பிடியா? நல்லதாப் போச்சி, பாவம் பொம்பளப் புள்ள" என்றார் அந்தப் பக்கத்துக்காரர். மனசாரத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் நெருப்பில்லாம பொகையாதுப்பா. எதுக்கும் அவ மேல ஒரு கண்ணு வச்சிக்கோ."

"ஆமாமா, அதெல்லாம் பாத்துக்கறேன்" என்றார் எங்கள் முதலாளி. சொல்லி முடித்த பிறகுதான் ஸ்பீக்கர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவசரமாகப் போனை அணைத்தார்.

"மத்த கடைங்களுக்கும் போட்டு சொல்லிடறேன்" என்று அடுத்த எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"வேணாம் சார், விடுங்க" என்றாள் அவள்.